தேங்காய் மணக்கிற வைனும் பெயர் இல்லாத கள்ளும்

போன மாதம் நோர்வேயிலிருந்து வந்த மச்சான் இரண்டு சிவப்பு வைன் போத்தல் கொண்டுவந்தான். இரண்டும் ஸ்பெயினின் ரியோகா பகுதியில் செய்தவை. ஒன்றில் ‘கிரியான்சா’, மற்றதில் ‘ரெசெர்வா’ என்று எழுதியிருந்தது. உட்துறைமுக வீதிப் பக்கம் சிநேகிதன் வீட்டு மொட்டைமாடியில் நாலு பேர் இருந்து குடித்துப் பார்த்தோம். நாலு பேரும் இருபத்தொரு வயது தாண்டினவர்கள். கம்பனிப் பெயர் சொல்ல மாட்டேன். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி இலங்கையில் மதுவுக்கு விளம்பரம் செய்யக்கூடாது, எனக்கும் அந்த எண்ணம் இல்லை.

முதல் வாய் பெரிய ஏமாற்றம். சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் குடிக்கவேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தோம். அந்த ‘அறை’ ஐரோப்பாவில் இருக்கிற அறை, 16 முதல் 18 பாகை வரை. எங்கட மொட்டைமாடியில் பொழுதுபட்ட பிறகும் 30 பாகை. சாராய நெடி மட்டும்தான் மூக்கில் ஏறியது. பிரிட்ஜில் அரை மணித்தியாலம் வைத்து எடுத்தபோது அதே வைன் வேறு ஆளாக இருந்தது.

அடுத்த பிரச்சினை சொல். மச்சான் போனில் தேடி வாசித்தான்: செரி, பிளம், பிளாக்பெர்ரி. எங்களுக்குச் செரி என்றால் பிறந்தநாள் கேக்கின் மேல் இருக்கிற சீனிக் குண்டு. பிளாக்பெர்ரியை ஒருத்தரும் கண்ணால் கண்டதில்லை. பிறகு போனை மூடிவிட்டு எங்கட வாயால் சொல்லத் தொடங்கினோம். கிரியான்சாவில் நாவல்பழம், கொஞ்சம் புளியம்பழம். ரெசெர்வாவில் கறுவா, கராம்பு, காய்ந்த புகையிலை, கடைசியில் நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு. வைன் பற்றிப் பேசுகிற ஆங்கிலக்காரர் இதைச் சொல்ல ‘டனின்’ என்று ஒரு இரசாயனப் பெயரைப் பாவிப்பது வழக்கம். எங்களுக்குத் துவர்ப்பு அறுசுவையில் ஒன்று. வாழைப்பூ சாப்பிட்ட ஒவ்வொருத்தருக்கும் அது தெரியும்.

அப்போதுதான் ஒருத்தன் சொன்னான், “டேய், இதில தேங்காய்ப்பூ மணக்குது.”

சிரித்தோம். ஆனால் அவன் சொன்னது சரி. ரியோகாவில் பழைய முறைப்படி வைனை 225 லீட்டர் ஓக் பீப்பாவில் வைக்கிறார்கள், அதிலும் அமெரிக்க ஓக்கில். அந்த மரத்தில் இருக்கிற லாக்டோன் என்ற பொருளுக்குத் தேங்காய் வாசம். கிரியான்சா என்றால் இரண்டு வருடம் வைத்தது, அதில் குறைந்தது ஒரு வருடம் பீப்பாவில். ரெசெர்வா மூன்று வருடம், அதிலும் ஒரு வருடமாவது பீப்பாவில். கிரான் ரெசெர்வா ஐந்து வருடம், பீப்பாவில் குறைந்தது இரண்டு. 1925இலிருந்து ரியோகாவின் பெயரைக் காக்க ஒரு ஒழுங்குமுறை இருக்கிறது. சுவைத்துப் பார்க்கிற குழு ஒன்று தகுதி என்று சொன்னால்தான் அந்தப் பெயரைப் போத்தலில் போடலாம்.

பீப்பா மரம் என்றதும் எனக்கு இன்னொரு மரம் ஞாபகம் வந்தது. சிங்களத்தில் ஹல்மில்ல, தமிழில் சவண்டலை. இலங்கையில் தென்னஞ்சாராயத்தை முதிர வைக்கிற பெரிய தொட்டிகள் இந்த மரத்தில் செய்யப்படுபவை. சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன் அலையைத் தாண்டி ஆளையும் சாமானையும் ஏற்றி இறக்கிய மசூலாப் படகுகளும் இதால் செய்யப்பட்டன. ஆங்கிலத்தில் இந்த மரத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? ‘டிரிங்கோமலி வூட்’. எங்கட ஊரின் பெயர்! ஓக் மரத்தின் வாசத்தை உலகம் வரி வரியாக எழுதிவைத்திருக்கிறது. சவண்டலை சாராயத்துக்கு என்ன வாசம் கொடுக்கிறது என்று தமிழில் ஒரு பந்தி எழுதியிருக்கிறோமா? நான் இன்னும் வாசித்ததில்லை.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வாறன். என்ர அம்மப்பா கள்ளுச் சீவினவர். பள்ளிக்கூடத்தில் இதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை. சொன்னால் என்ன பெயரால் கூப்பிடுவார்கள் என்று தெரியும். ஆனால் அந்த மனுசன் முட்டியை மூக்குக்குக் கிட்டப் பிடித்தே எந்த மரத்துக் கள்ளு, இறக்கி எவ்வளவு நேரம் என்று சொல்லுவார். ரியோகாவுக்கு வயது வருடக் கணக்கில், கள்ளுக்கு மணித்தியாலக் கணக்கில். முட்டிக்குச் சுண்ணாம்பு தடவினால் புளிக்காத கருப்பணி. தடவாவிட்டால் மரத்திலேயே நுரைக்கத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, பின்னேரம் காரம், அடுத்த நாள் வினாகிரிப் புளிப்பு. இவ்வளவு வேகமாக மாறுகிற ஒன்றைச் சரியான நேரத்தில் பிடித்துத் தரம் சொல்வது லேசான வேலையா? ஸ்பெயினில் அதற்குப் பட்டமும் மரியாதையும் இருக்கிறது. எங்களிடம் அது ஒரு சாதியின் பெயராக்கப்பட்டு, தவறணைக்குள்ளேயே விடப்பட்டது.

புறநானூற்றின் 56ஆம் பாட்டில் யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் குடிப்பது பற்றி நக்கீரர் பாடுகிறார். தேறல், நறவு, மட்டு, தோப்பி என்று விதவிதமான பெயர்கள் அந்தக் காலத்துத் தமிழில் இருந்தன. இன்றைக்கு எங்கட வாயில் மிஞ்சினது ‘நல்லது’, ‘புளிச்சது’, ‘ஏறுது’. வெளிநாட்டுப் போத்தலுக்கு முன்னால் நாவல்பழமும் கராம்பும் தேடுகிற நாங்கள், பிளாவில் ஊற்றின கள்ளுக்கு ஒரு சொல் தேடமாட்டோம்.

குடியால் உடைந்த வீடுகள் எங்கட ஒழுங்கையிலும் இருக்கின்றன. “குடிக்குப் பொன்னாடை போர்த்திறியோ?” என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த வீடுகளை உடைத்தது சுவை பார்த்துக் குடித்த குடி இல்லை. கால் போத்தலை ஒரே மூச்சில் இறக்கிவிட்டுப் போகிற குடி. அன்றைக்கு நாலு பேரும் மூன்று மணித்தியாலத்தில் ஒன்றரைப் போத்தல்தான் முடித்தோம். மிச்ச நேரம் முழுக்கக் கதைதான். குடிக்காதே என்று சொல்வதற்கு எனக்கு மறுப்பில்லை. ஆனால் விற்கிறதை மரியாதையோடு விற்கவேண்டும்.

என்ன மரியாதை? யாழ்ப்பாணத்திலிருந்து போத்தலில் அடைத்து வருகிற பனங்கள்ளில் எந்த ஊர்ப் பனை, ஆண்பனையா பெண்பனையா, எந்த மாதம் இறக்கியது என்று எழுதட்டும். மூதூர்ப் பக்கத்துக் கள்ளுக்கும் வடமராட்சிக் கள்ளுக்கும் வித்தியாசம் இருந்தால் அதைச் சொல்லத் தெரிந்த சீவல் தொழிலாளியைக் குழுவில் உட்கார வைக்கட்டும், அதற்குச் சம்பளமும் கொடுக்கட்டும். ஊர்ப் பெயர் ஏறினால் விலை ஏறும். அந்த விலையில் ஒரு பங்கு மரம் ஏறுகிறவனுக்கு வரவேண்டும். வராவிட்டால் லேபிள் வெறும் அலங்காரம்.

ரெசெர்வா நல்ல வைன், கிரியான்சாவை விட எனக்குப் பிடித்தது. ஆனால் அம்மப்பா இருந்திருந்தால் அந்தத் தேங்காய் வாசத்தை எங்களுக்கு முன்னமே சொல்லியிருப்பார். அவர் பாவித்த சொற்களை நான் எழுதிவைக்கவில்லை. நிலாவெளியிலோ சம்பூரிலோ உங்கட வீட்டில் கள்ளுச் சீவினவர் ஒருத்தர் இன்னும் இருந்தால், அவரிடம் கேட்டு எழுதி எங்களுக்கு அனுப்புங்கோ.