உல்லாசக் கடலும் உழைப்புக் கடலும்

அம்பாறைக் கரையோரத்தை உலகுக்கு அறிமுகஞ்செய்யும் வண்ணப் பிரசுரங்களை எடுத்து நோக்குவோர்க்கு ஒன்று எளிதிற் புலப்படும். அப்படங்களில் அவ்வூர் மனிதர் இல்லை. நீலக்கடல் உண்டு, பொன்மணல் உண்டு, அலைப்பலகை ஏந்திய விருந்தினர் ஒருவர் உண்டு. படத்தின் மூலையில் அழகுக்காகத் தோணியொன்றும் கிடக்கும், தோணிக்காரனைக் காணமுடியாது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று, பொத்துவில் என ஊர்கள் தொடர்ந்து செல்லும் ஒரு கரையை, கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திற் பல்லாயிரம் குடும்பங்கள் நெருங்கி வாழும் ஒரு கரையை, ‘கன்னிக் கடற்கரை’ என்று வருணிப்பதை வெறும் விளம்பர மிகையெனத் தள்ளிவிடுதல் கூடாது. ஆளில்லாத நிலமே கைப்பற்றுதற்கு எளிதான நிலம்.

பெயர்களிலிருந்தே இது தொடங்குகின்றது. பொத்துவிலுக்குத் தெற்கே, களப்பு முகத்துவாரத்தை அடுத்திருக்கும் கிராமத்தை ஊரார் உல்லை என்பர். (உல்லைக்கும் உல்லாசத்துக்கும் ஓசை ஒற்றுமையன்றி வேறு உறவில்லை.) 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் அலைச்சறுக்கு விளையாட்டினர் ஒருவர் இருவராக வந்திறங்கிய பின்னர் அவ்விடம் உலகோர்க்கு ‘அறுகம்பே’ ஆயிற்று. அதன் அயலிலுள்ள அலைமுனைகள் இன்று ‘விஸ்கி பொயின்ட்’ என்றும் ‘பீனட் பாம்’ என்றும் வழங்குகின்றன. ஊர் மக்களிற் பெரும்பாலோர் மதுவை விலக்கிய முஸ்லிம்களாயிருக்க, அவர்தம் கரையின் முனையொன்று மதுவின் பெயரால் உலகப்புகழ் எய்தியமை நகைப்புக்குரியதே. ஆயினும் இங்கு வாதிக்கப்படுவது பெயர் அன்று, மணல்.

கீழைக்கரையின் பருவநிலையை அறிந்தவர்க்கு இம்மணலின் சிக்கல் விளங்கும். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாரி மாதங்களிற் கடல் கொந்தளிக்கும், மழை பெய்யும். சித்திரை தொடங்கிப் புரட்டாதி ஈறாகச் சோழகக் காலத்தே இக்கடல் அடங்கிக் கிடக்கும். அம்மாதங்களே கரைவலைக்குரிய மாதங்கள். தோணி வலையை ஏற்றிச்சென்று கடலில் அரைவட்டமாக இறக்க, கரையில் இரு அணியினர் நின்று இருபுறக் கயிற்றையும் அம்பா பாடி இழுப்பர். இழுப்போர்க்கு நிற்க இடம் வேண்டும். வலை உலர்த்த இடம் வேண்டும். வாடிக்கும் கருவாட்டுக்கும் இடம் வேண்டும். எந்த வலை எந்த இடத்தில் இறங்கும் என்பதைப் ‘பாடு’ என்னும் உரிமை வரையறுக்கும். பாடு என்பது மரபினால் மட்டும் நின்றதன்று. மீன்பிடி ஒழுங்குவிதிகளும் அதனை அறியும். இனி, அலைச்சறுக்கினர் தேடிவரும் பருவம் எது? அதே வைகாசி முதல் ஐப்பசி வரையிலான காலம். அவர்க்காக நாற்காலி விரிக்கும் விடுதியார்க்கு வேண்டுவது எது? அதே மணல். ஒரே மாதத்தில், ஒரே மணலை, இரு தொழில்கள் வேண்டி நிற்கின்றன. சுற்றுலாவும் மீன்பிடியும் ஒன்றுக்கொன்று துணையாய் வளரும் என்று மேடையிற் பேசுவோர் இவ்வெளிய உண்மைக்கு விடையிறுத்ததில்லை.

விடை ஒருமுறை செயலிற் காட்டப்பட்டது. 2004 டிசெம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இலங்கையின் மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை அம்பாறையிலேயே கொண்டது. இறந்தோர் தொகை 10,000ஐ விஞ்சியது. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடலை அண்டியிருந்த தெருக்கள் இருந்த இடந்தெரியாது போயின. பிணங்களை அடக்கி முடிப்பதற்குள் வந்தது ‘தாங்கு வலயம்’ என்னும் விதி. தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது. வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள் கட்டலாகாது. கிழக்குக்கு ஏன் இருமடங்கு என்ற வினாவை ஒருபுறம் வைப்போம். கல்முனை போன்ற ஊரில் 200 மீற்றர் என்பது ஊரின் கணிசமான பகுதி. அதற்கப்பால் உள்ளது நெல்வயல். இவ்விதி மக்களின் உயிர்காக்க எழுந்ததெனில் எல்லார் உயிரையும் காத்திருக்கவேண்டும். சுற்றுலா விடுதிகளுக்கோ விலக்களிக்கப்பட்டது. அவை பழைய இடத்திலேயே திருத்தியமைக்கப்பட்டு விருந்தினரை வரவேற்கலாம். அவற்றின் அயலிலே ஓலைக்குடிசை வைத்திருந்த மீனவன் மட்டும் அபாய வலயத்தில் வாழ்கின்றவனாகக் கருதப்பட்டான். உறங்கும் மீனவனைக் கொல்லும் அலை, உறங்கும் விருந்தினனைக் கொல்லாது போலும்!

2005 சித்திரையில் அறுகம்குடா வள அபிவிருத்தித் திட்டம் என ஒன்று வரையப்பட்டது. கோமாரியிலிருந்து பாணமை வரை ஏறத்தாழ 17 கிலோமீற்றர் நீளக் கரையோரத்தைச் சுற்றுலாப் பிரதேசமாக மாற்றியமைப்பது அதன் நோக்கம். பேரலையால் வீடிழந்தோரின் மீள்கட்டுமானம் என்ற பெயரில், வீடிழந்தோரைக் கரையிலிருந்து அகற்றும் திட்டம் அது. உல்லை மக்கள் தெருவில் இறங்கி அதனை எதிர்த்தனர். கனேடிய எழுத்தாளர் நயோமி கிளைன் 2007இல் வெளியிட்ட தமது நூலில் இக்கிராமத்தின் கதையைத் தனி அத்தியாயமாக எழுதி, பேரழிவைப் பயன்படுத்தி நிலங்கொள்ளும் உலகப்போக்குக்கு இதனை எடுத்துக்காட்டாக்கினார். 2005ஆம் ஆண்டின் இறுதியில் வலய விதி தளர்த்தப்பட்டது உண்மையே. ஆனால் அதற்குள் ஓராண்டு கழிந்திருந்தது. கூடாரங்களில் வாழ்ந்த குடும்பங்கள் தம் வளவுக்குத் திரும்ப உரிமையுண்டா இல்லையா என்றறியாது தவித்த ஓராண்டு. நுரைச்சோலையிற் சவூதி அரேபிய உதவியால் எழுந்த 500 வீடுகளோ இனப்பங்கீட்டு வழக்கில் அகப்பட்டு, பல்லாண்டு குடியேற்றப்படாமற் பற்றை மூடிக் கிடந்தன. விடுதிக்கு வழிபிறந்த விரைவையும் வீட்டுக்கு வழிபிறவாத தாமதத்தையும் அருகருகே வைத்து நோக்குவோர் வேறு சான்று தேடவேண்டியதில்லை.

இது முஸ்லிம் ஊர்களுக்கு மட்டும் நேர்ந்த இடர் எனக் கொள்வதும் பிழை. சிங்களவரும் தமிழரும் கலந்து வாழும் பாணமையில் 2010 ஆடி மாதத்தில் ராகம்வெல, சாஸ்திரவெல முதலிய இடங்களிலிருந்து பயிர்ச்செய்கைக் குடும்பங்கள் துரத்தப்பட்டன. அந்நிலத்தைப் படையினர் கைக்கொண்டனர். களப்போரத்தில் உல்லாச விடுதி எழுந்தது. 340 ஏக்கரை விடுவிப்பதென 2015 பெப்ரவரியில் அமைச்சரவை தீர்மானித்த பின்னரும் மக்கள் தம் காணிக்காகப் போராடவேண்டியிருந்தது. கரையின் மொழி எதுவாயினும் அதன் விதி ஒன்றாகவே இருந்துள்ளது.

எதிர்வாதத்தைச் செவிமடாதிருத்தல் முறையன்று. சுற்றுலாவினால் உல்லையிற் பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஊரார் சிலர் தம் வளவிலேயே விருந்தகம் நடத்துகின்றனர், இளைஞர் அலைச்சறுக்குப் பயிற்றுகின்றனர், முச்சக்கரவண்டி ஓட்டுகின்றனர், மீனுக்கும் நல்ல விலை கிடைக்கின்றது. மத்திய கிழக்குக்குப் போகாமல் ஊரில் இருந்து உழைக்கும் வாய்ப்பைச் சிறிதெனக் கூறுதல் கல்முனைப் பிரதேசத்தை அறியாதார் பேச்சாகும். எனினும் இவ்வருவாய் எதிற் தங்கியுள்ளது? 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின் விடுதிகள் வெறிச்சோடின. 2020இற் பெருந்தொற்று. 2022இல் எரிபொருளின்றி நாடே நின்றது. 2024 ஒக்டோபரில் வெளிநாட்டுத் தூதரகமொன்று விடுத்த ஓர் எச்சரிக்கை ஒரு நாளுக்குள் இக்கரையை உலகச் செய்தியாக்கிற்று. தொலைவில் எங்கோ எழும் அச்சமொன்று உல்லையின் அடுப்பை அணைத்துவிடும். அத்தகைய நாட்களிற் குடும்பத்தைக் காத்தது எது? வள்ளமும் வலையுமே. ஆகவே மீன்பிடியை அகற்றிவிட்டுச் சுற்றுலாவை நிறுத்துவது இரண்டையும் இழக்கும் வழி.

கடலுள் மூழ்கும் விளையாட்டை நோக்குக. 1943இற் பிரான்சிற் கூஸ்தோவும் கான்யானும் ஆக்கிய மூச்சுக்கருவியே இன்றைய ‘ஸ்கூபா’வின் அடிப்படை. அதனைப் பூண்ட விருந்தினர் பாசிக்குடாவுக்கும் திருகோணமலைப் புறாத்தீவுக்கும் செல்வர். தேர்ந்தவர்கள் 1942 ஏப்ரில் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த ‘ஹேர்மிஸ்’ கப்பலைக் காண்பர். அவர்க்குப் பயிற்சியுண்டு, சான்றிதழுண்டு, வழிகாட்டியுண்டு, காப்புறுதியுண்டு. அதே கருவியைப் பூண்டு சங்குக்கும் கடலட்டைக்கும் மூழ்கும் தமிழ்பேசும் மீனவர் கிழக்குக் கடலில் உளர். தாம் உண்ணாத, கிழக்காசியச் சந்தைக்கு ஏற்றுமதியாகும் பொருளுக்காக, ஒரு நாளிற் பலமுறை ஆழத்துக்குச் சென்று விரைந்து மேலெழுவோர் அவர். அவ்வாறு எழும்போது உடலிற் கரைந்த நைதரசன் குமிழியாகி மூட்டுகளைத் தாக்கும். சிலரை நிரந்தரமாக முடக்கும். முன்னவரின் ஒரு மணிநேரத்தைக் காக்க ஒரு துறையே நிற்கின்றது. பின்னவரின் வாழ்நாளைக் காக்கப் பயிற்சி நிலையமொன்று கல்முனையில் வேண்டுமென்று கேட்ட சுற்றுலாத் திட்டம் எது?

ஆற்றிலும் களப்பிலும் ஓட்டும் ‘கயாக்’ படகின் கதையும் படிப்பினை தருவதே. வடதுருவத்து இனுயிற் மக்கள் கடல்நாய்த் தோலாற் செய்து வேட்டைக்குச் சென்ற படகு அது. அலைப்பலகை ஹவாய்த் தீவினரது. உரியவரின் வாழ்வு நலிந்த பின்னர் அவர்தம் கருவி மட்டும் பிறர்க்கு விளையாட்டாயிற்று. இலங்கையிலேயே இதற்கு அண்மைய உதாரணம் உண்டு. தென்கரையிற் கொக்கலைப் பகுதியிற் கம்பத்தில் அமர்ந்து தூண்டிலிட்ட மீனவரின் இடத்தில், இன்று நிழற்படத்துக்குக் காசு வாங்கி அமர்ந்திருப்போரே பெரிதும் காணப்படுவர். கரைவலைக் கயிற்றை விருந்தினர் சற்றுநேரம் பிடித்துப் படமெடுக்கும் காட்சி கீழைக்கரைக்கும் வந்துவிட்டது. அம்பா பாடுவோர் கூலிக்குப் பாடிக்காட்டும் நாளும் வரலாம்.

வேறு வழி இல்லாமலில்லை. பொத்துவிற் களப்பிற் கண்டல் மரங்களினூடே விருந்தினரைத் தோணியிலேற்றிச் சென்று காட்டும் பணியை உள்ளூர் மீனவர் சங்கமொன்று மேற்கொண்டது. எஞ்சின் இல்லை, தோணி அவர்களது, கோலூன்றுவோன் அக்களப்பில் இறால் பிடிப்போன், எந்த வளைவில் முதலை கிடக்கும், எந்தக் கரைக்கு யானை இறங்கும் என்பது அவன் அறிந்தது. கண்டல் அழிந்தால் மீனும் அழியும், வருவாயும் அழியும் என்பதனால் அதனைக் காக்கும் அக்கறையும் அவனுக்கே உண்டு. இங்கே விருந்தினர் மீனவனின் இடத்துக்கு வருகின்றனர். மீனவன் தன் இடத்தை விட்டு எழவில்லை. வேறுபாடு இவ்வளவே, ஆனால் இதுவே முழு வேறுபாடும்.

கசப்பான ஒன்றையும் இங்கே கூறவேண்டும. இவ்வூர்களிற் சுற்றுலாவைக் கண்டிப்போர் உளர். அவர்தம் கண்டனம் பெரும்பாலும் விருந்தினரின் உடையோடும் மதுவோடும் நின்றுவிடுகின்றது. ஊரின் நாணத்தைப் பேணுதல் ஊராரின் உரிமை. அதனை எவரும் எள்ளற்க. ஆயினும் அரைக்கச்சு பற்றி ஆவேசங்கொள்ளும் கனவான்களுட் சிலரே கரையோரக் காணியை வெளியார்க்கு விற்றுக்கொடுக்கும் தரகிலும் பங்குகொள்கின்றனர். விருந்தினர் பருவம் முடியப் போய்விடுவர். உறுதி எழுதி விற்ற காணி திரும்பாது. உல்லாசமும் இம்மக்களுக்குப் புதிதன்று. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிற் கொடியேறும் நாட்களில் மணல் முழுதும் சனமாயிருக்கும். பெருநாள் மாலைகளில் நிந்தவூரிலும் ஒலுவிலிலும் குடும்பங்கள் கடலோரம் அமர்ந்து கச்சான் கொறிக்கும். வேலியிட்ட விடுதிக்கரை பெருகும்போது முதலில் மறைவது இவ்வேழை உல்லாசமே.

திட்டங்கள் இனியும் வரும். மீனவர் நலனின் பெயராலேயே வரும். ஒலுவில் துறைமுகமும் அவ்வாறே 2013இல் திறக்கப்பட்டது; அதன் வாயில் மணல் மூடிற்று, ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் கரையைத் தின்றது, தோணி இழுத்துவைக்கவும் இடமின்றி மீனவர் நின்றனர். வரைபடம் மேசைக்கு வருமுன் மருதமுனை முதல் பாணமை வரையுள்ள ஒவ்வொரு பாடும், வாடியும், தோணித்துறையும், கொடியேறும் மணலும் அளந்து குறிக்கப்பட்ட இன்னொரு வரைபடம் பிரதேச செயலகங்களில் இருத்தல் வேண்டும். ஒலுவிலிற் கடலோசை கேட்கும் தொலைவில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கின்றது. தண்டயல்மாரிடம் கேட்டு அதனை வரைந்து முடிக்க அதன் மாணவர்க்கு ஒரு சோழக விடுமுறை போதும்.