நேற்றைய கோப்பு எங்கே?

2023 ஓகஸ்டில் இலங்கை அரச மின்னஞ்சல் வழங்கிகளைக் கப்பம் கேட்கும் நச்சுநிரல் ஒன்று தாக்கியது. வழங்கிகளை அரை நாளுக்குள் எழுப்பிவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் மின்னஞ்சல் மென்பொருளின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. புதுப்பிக்க நிதி போதவில்லை என்றார்கள். வலையமைப்பிலிருந்து துண்டித்து வைக்கும் காப்புப்பிரதியை இனி நாளாந்தம் எடுப்போம் என்ற உறுதிமொழி பிறகு வந்தது. நிதி இல்லை என்பதை ஏற்றுக்கொள்வோம். காப்புப்பிரதிக் கோப்புறையில் நேற்றைய கோப்பு கிடக்கிறதா என்று பார்க்க எவ்வளவு நிதி வேண்டும்? லினக்ஸில் அது ‘ஃபைண்ட்’ என்று தொடங்கும் ஒரே வரி. கடைசி இருபத்துநான்கு மணித்தியாலத்தில் எழுதப்பட்ட கோப்புகளின் பெயரைச் சொல்லும். இல்லாவிட்டால் வெறுமையாக நிற்கும்.

அரச மின்னஞ்சல் ஓடியது மைக்ரோசொஃப்டில், அங்கே லினக்ஸ் கட்டளைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சரியான கேள்விதான். நான் பேசுவது நிறுவனப் பெயரைப் பற்றியல்ல. இயந்திரத்திடம் தினமும் கேள்வி கேட்கும் பழக்கத்தைப் பற்றி. அந்தப் பழக்கத்தை மலிவாகப் பழக்கும் இடம் கட்டளை வரி. இணைய வழங்கி ஒவ்வொரு வருகையையும் ஒரு வரியாகப் பதிந்து வைக்கிறது: வந்த முகவரி, நேரம், கேட்ட பக்கம், கொடுத்த பதிலின் இலக்கம். தளம் திணறும்போது ‘ஓக்’ என்ற கட்டளை அதில் முதல் நிரலான முகவரியை மட்டும் உருவி எடுக்கும், ‘சோர்ட்’ வரிசைப்படுத்தும், ‘யூனிக்’ எண்ணும், இன்னொரு ‘சோர்ட்’ பெரிய எண்ணை மேலே கொண்டுவரும், ‘ஹெட்’ முதல் பத்தைக் காட்டும். முதலாவது ‘சோர்ட்’டை விட்டுவிட்டால் கணக்குப் பிழைக்கும், ஏனென்றால் ‘யூனிக்’ அடுத்தடுத்துக் கிடக்கும் வரிகளைத்தான் ஒப்பிடும். இவற்றைக் கோக்கும் குழாய்க்குறி 1973இல் டக் மெக்கில்ராய் விடாமல் வற்புறுத்தியதால் யுனிக்ஸில் நுழைந்தது. பொத்தான்கள் நிறைந்த கட்டுப்பாட்டுப் பலகையும் இதைக் காட்டும்தான், அதைச் செய்தவர் முன்கூட்டியே நினைத்த கேள்வியாக இருந்தால்.

கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிய ஒற்றை வரி ஒரு வழங்கியையே துடைத்தெறியும் என்பது முன்னையதைவிடக் கனமான ஆட்சேபம். உண்மை. அதைவிட நுட்பமான ஆபத்தும் உண்டு. பட்டியலின் உச்சியில் நிற்கும் முகவரி தாக்குதல்காரனுடையதாக இருக்கலாம். ஒரே பொது முகவரிக்குப் பின்னால் கைத்தொலைபேசியில் பெறுபேறு பார்க்கும் ஆயிரம் பிள்ளைகளாகவும் இருக்கலாம். தடுத்துவிட்டால் பிள்ளைகள்தான் வெளியே நிற்பார்கள். அதனால்தான் இந்தக் கட்டளைகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதாது, வகுப்பில் கற்பிக்க வேண்டும். வாசிக்க மட்டுமே செய்யும் கட்டளைகள் முதலில், மாற்றுபவை பிறகு, அழிப்பவை கடைசியில். செயற்கை நுண்ணறிவு எழுதித் தருமே என்பவருக்கும் இதுவே பதில்: தந்த வரி எதைத் தொடப்போகிறது என்று தெரியாதவர் அதை இயக்கக்கூடாது.

கற்பிக்கும் இடத்துக்கும் பஞ்சமில்லை. கொழும்பு மருதானையில் ஒரு சந்திக்கே பெயர் கொடுத்த தொழில்நுட்பக் கல்லூரி, 1893இல் அரச தொழில்நுட்பப் பாடசாலையாகத் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்தது. பட்டதாரிப் பொறியியலாளருக்கும் பயனாளருக்கும் இடையில் நின்று கருவியைக் கையில் எடுப்பவர்களை உருவாக்குவதே இத்தகைய கல்லூரிகளின் வேலை. வழங்கி பராமரிப்பவர் அந்த இனம்தான். தமிழ்மொழி மாணவருக்கு ஆங்கிலம் தடையாகாதா என்றால், ஆளவேண்டிய கட்டளைகள் இருபதுக்கு மேல் போகாது. ‘யூனிக்’ ஏன் தவறாக எண்ணியது என்பதைத் தமிழிலேயே விளக்கலாம். பரீட்சையில் வரைவிலக்கணம் கேட்க வேண்டாம். ஒரு நாள் பதிவுக்கோப்பைக் கொடுத்து, இரவு இரண்டு மணிக்கு இந்தத் தளத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் போதும்.