மெத்தைக்கு முன் பாதுகாப்பு வார்



விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கும் வாரத்தில், விடுமுறை அனுபவத்தைக் கட்டுரையாக எழுதச் சொல்வது நம் வழக்கம். அண்மைக் காலமாக அக்கட்டுரைகளில் ஒரு செய்தி அவ்வப்போது தலைகாட்டுகிறது. அப்பா பழைய வேன் ஒன்றை வாங்கினார். பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டார். நாங்கள் படுத்துக்கொண்டே கேமரன் மலைக்குப் போனோம் என்று பிள்ளைகள் மகிழ்ச்சி பொங்க எழுதுகிறார்கள். வாக்கியத்தில் பிழையில்லை. பயணத்தில்தான் பிழை இருக்கிறது.

வேனில் ஊர் சுற்றுவதை நான் குறை கூறவில்லை. நான்கு பிள்ளைகள் உள்ள குடும்பத்திற்குத் தங்கும் விடுதிச் செலவு பெருஞ்சுமை. சொந்த வேன் இருந்தால் திரங்கானுக் கடற்கரையையும் பேராக்கின் மலைச் சாரலையும் பிள்ளைகள் நேரில் கண்டு வரலாம். ஆயினும், அதே வேன்தான் மறுநாள் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கும் பெற்றோரை வேலைக்கும் ஏற்றிச் செல்லப் போகிறது. சில நாள் விடுமுறைக்காக வேனைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஆண்டு முழுவதும் அதன் குறைகளோடு வாழ்வது அறிவுடைமை ஆகாது. அன்றாடப் பயன்பாட்டிற்கு ஏற்ற வேனையே முதலில் தேட வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் பார்க்க வேண்டியவை இருக்கைகள். எல்லா இருக்கைகளும் முன்னோக்கி உள்ளனவா? ஒவ்வோர் இருக்கைக்கும் தோளையும் இடுப்பையும் பிணைக்கும் வார் உண்டா? பழைய வேன்கள் பலவற்றில் பின்வரிசைக்கு வாரே இருக்காது. இருந்தாலும் இடுப்பு வார் மட்டுமே இருக்கும். நம் நாட்டில் பின்னிருக்கையில் அமர்வோரும் வார் அணிய வேண்டும் என்ற விதி 2009 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. தனியார் வாகனங்களில் குழந்தைகளுக்கான தனி இருக்கை 2020 ஜனவரி முதல் கட்டாயமானது. ஓடும் வேனில் மெத்தைமீது உறங்கும் குழந்தைக்கு இந்த இரண்டு பாதுகாப்பும் இல்லை.

அறிவியல் பாடத்தில் நாம் கற்பிப்பதையே நினைத்துப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வேன் எதன்மீதோ மோதி நின்றுவிட்டாலும், உள்ளே படுத்திருக்கும் பிள்ளை அதே வேகத்தில் முன்னோக்கிப் பாயும். அது ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்கு ஒப்பாகும். நான்கு மாடிக் கட்டடத்தின் விளிம்பில் மெத்தை விரித்துப் பிள்ளையைப் படுக்க வைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்?

இருக்கைகளைக் கழற்றி வாகனத்தின் அமைப்பை விருப்பம்போல் மாற்றவும் இயலாது. அதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் தேவை. எனவே, வேன் நின்ற பிறகு மடக்கிப் படுக்கையாக்கக்கூடிய இருக்கைகள் உள்ள வேனே குடும்பத்திற்கு ஏற்றது.

அடுத்தது மழை. பனி பொழியும் நாடுகளில் இத்தகைய வேன் வாங்குவோர் குளிர்காலத்திற்கென்றே தனி டயர் வாங்குகிறார்கள். நமக்குப் பனி இல்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழை உண்டு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 3519 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்பது பொருள். பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும், பல ஆண்டு வெயில்பட்டு இறுகிய டயர் ஈரச் சாலையில் வழுக்கும். உயரமான வேன் பக்கக்காற்றிலும் எளிதில் தடுமாறும். காராக் நெடுஞ்சாலையின் வளைவுகளில் மழையோடு இறங்கியவர்களுக்கு இது தெரியும்.

வெள்ளத்தில் மூழ்கிய வாகனமா என்பதையும் ஆராய வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா பகுதிகளில் எத்தனை வாகனங்கள் நீரில் நின்றன என்பதைக் கண்டோம். அத்தகைய வண்டியைக் கழுவி, துடைத்து, நறுமணம் தெளித்து விற்பது கடினமன்று. பாதுகாப்பு வாரை இறுதிவரை இழுத்துப் பாருங்கள். உட்புற நுனியில் சேற்றுக் கறை ஒளிந்திருக்கும். இருக்கையின் இரும்புத் தண்டவாளத்தில் துருவும், கம்பளத்திற்கு அடியில் வண்டலும் உண்டா என்று பாருங்கள். விற்பவரின் சொல்லை மட்டும் நம்பாமல், அவருக்குத் தொடர்பில்லாத பட்டறைக்காரர் ஒருவரிடம் காட்டுங்கள். அதற்காகும் சிறு தொகை வீண்போகாது.

அன்றாட வசதியையும் மறவாதீர்கள். பேரங்காடிகளின் வாகன நிறுத்துமிடங்கள் பலவற்றில் உயர வரம்பு இரண்டு மீட்டரை ஒட்டியே இருக்கும். உயர்கூரை வேன் அங்கே நுழையாது. வாங்குமுன் அளந்து கொள்ளுங்கள்.

இரவில் வேனில் தங்குவோருக்கு ஒரு வேண்டுகோள். குளிரூட்டிக்காக இயந்திரத்தை ஓடவிட்டு உறங்காதீர்கள். மூடிய வேனுக்குள் அடுப்பு மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் விழிக்கமாட்டார்.

ஆசிரியர்களே, அடுத்த பெற்றோர் சந்திப்பில் மதிப்பெண்களோடு இதையும் ஐந்து நிமிடம் பேசுங்கள். பெற்றோர்களே, வேன் பார்க்கச் செல்லும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொருவரையும் இருக்கையில் அமர்த்தி வாரைப் பூட்டிப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு வார் இல்லையென்றாலும் அந்த வேன் உங்களுக்கு உரியதன்று. விலை எவ்வளவு மலிவாக இருப்பினும் திரும்பி வந்துவிடுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.