பூமியின் வயதும் நம் அவசரமும்

பூமி எவ்வாறு தோன்றியது என்னும் வினாவிற்கு இன்றைய அறிவியல் தரும் விடையைத் திருமறை பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே கூறிவிட்டது என நிறுவும் சிறு நூல்கள் நம் இல்லங்களில் நிறைய உண்டு. பிரெஞ்சு மருத்துவர் மாரிஸ் புகைல் 1976இல் விவிலியத்தையும் குர்ஆனையும் அறிவியலோடு ஒப்பிட்டு நூல் எழுதிய பின்னர் இவ்வகை எழுத்துப் பெருகிற்று. எழுதுவோரின் நோக்கம் தூயது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அவ்வழி மார்க்கத்திற்கு வலிமை சேர்க்கும் வழிதானா என்பதை மாணவரும் ஆசிரியரும் சமுதாயப் பெரியோரும் படிக்கும் இம்மலரில் எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர், விவிலியத்தில் வரும் தலைமுறைக் கணக்குகளைக் கூட்டிக் கழித்து, படைப்பு கி.மு. 4004ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் நிகழ்ந்ததென 1650இல் எழுதினார். அவரை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால், நம் வீட்டிலும் அத்தகைய கணக்கு இருந்ததே! உலகின் மொத்த ஆயுள் ஏழாயிரம் ஆண்டுகள் என்னும் செய்திகளைப் பேரறிஞர் தபரீ (839-923) தம் வரலாற்று நூலில் எடுத்தெழுதினார். அவ்வழியில் கணக்கிட்டவர்கள் இஸ்லாம் தோன்றியபின் உலகம் ஐந்நூறு ஆண்டுகளே நிற்கும் என்றனர். இப்னு கல்தூன் 1377இல் இயற்றிய முகத்திமாவில், அக்கணக்கு பொய்த்துவிட்டதை மழுப்பாமல் குறித்தார். கணக்கு பொய்த்ததேயன்றி மார்க்கம் பொய்க்கவில்லை. இவ்வேறுபாட்டை அவர் உணர்ந்திருந்தார். அது நமக்கும் வேண்டும்.

அறிவியலின் கணக்கும் ஒரே நாளில் வந்ததன்று. உருகிய நிலையிலிருந்த பூமி இவ்வளவு குளிர எத்தனை காலம் பிடித்திருக்கும் என்று கணித்த கெல்வின் பெருமகனார், 1862இல் இரண்டு கோடி முதல் நாற்பது கோடி ஆண்டுகள் வரை இருக்கலாம் என்றார். 1897இல் அதனை இரண்டு முதல் நான்கு கோடியாகச் சுருக்கினார். அவர் காலத்தில் இயற்பியலில் அவருக்கு நிகராக எண்ணப்பட்டோர் மிகச் சிலரே. ஆயினும் பூமியின் உட்பகுதி முழுவதும் அசைவற்ற திண்மம் என்று அவர் கொண்டது பொருந்தாது என, அவரிடம் முன்பு உதவியாளராக இருந்த ஜான் பெர்ரியே 1895இல் எடுத்துக்காட்டினார். மறு ஆண்டில் பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டறிந்தார். பாறைக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பது அதன் வழியே தெரியவந்தது.

அக்கடிகாரத்தின் இயக்கத்தை மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். சிர்க்கான் என்னும் சிறு படிகம் உருவாகும்போது யுரேனியத்தைத் தன்னுள் ஏற்கும். காரீயத்தைப் பெரும்பாலும் ஏற்காது. பின்னர் அதனுள் காணும் காரீயம் யுரேனியம் சிதைந்து வந்ததாகும். யுரேனியம்-238 பாதியாகக் குறைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும். இரண்டின் விகிதத்தை அளந்தால் படிகத்தின் வயது கிடைத்துவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த மிகப் பழைய சிர்க்கான் படிகங்களுக்கு 440 கோடி ஆண்டு வயது. பூமியோடு ஒரே காலத்தில் திரண்ட விண்கற்களின் காரீயத்தை ஆராய்ந்த கிளேர் பாட்டர்சன், 1956இல் பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என அறிவித்தார். இன்று 454 கோடி என்கின்றனர். எழுபது ஆண்டு ஆய்விற்குப் பின்னும் அவ்வெண் பெரிதும் நகரவில்லை. சூரியனைச் சூழ்ந்திருந்த வாயுவும் தூசும் திரண்டு மோதிக் கட்டிகளாகிப் பூமி உருவாயிற்று என்பதே இன்றைய அறிவியலாரின் முடிபு. ஆகவே, 'அறிவியல் நாளுக்கொன்று சொல்லும், அதனைப் பொருட்படுத்த வேண்டா' என்று பேசுவோருடன் நமக்கு உடன்பாடில்லை. கெல்வினின் பிழையைத் திருத்தியதும் அறிவியலே.

நம் குறை வேறிடத்தில் உள்ளது. 1897இல் எவரேனும் திருமறையின் ஒரு வசனத்திற்குக் கெல்வினின் எண்ணைப் பொருளாக உரைத்திருந்தால், அடுத்த பத்தாண்டில் அவர் என் செய்திருப்பார்? சொல்லின் பொருளை மீண்டும் வளைத்திருப்பார். வானங்களும் பூமியும் ஆறு நாள்களில் படைக்கப்பட்டன என்று மறை கூறுகிறது. இறைவனிடத்தில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் ஆயிரம் ஆண்டு போன்றது என ஓரிடத்திலும், ஐம்பதாயிரம் ஆண்டு அளவினதான ஒரு நாளைப் பற்றி மற்றோரிடத்திலும் கூறுகிறது. நம் கடிகாரத்தின் நாளை அங்கே பொருத்தக் கூடாது என்பதற்கு இதனினும் தெளிவான குறிப்பு வேண்டுமோ? அங்ஙனமிருக்க, ஆறு நாளை ஆறு புவியியற் காலங்களாகப் பட்டியலிட்டுக் காட்டுவது, நாளைக் கடிகாரத்திலிருந்து விடுவித்துப் பாடநூலில் கட்டிப்போடுவதாகும்.

மற்றொன்றையும் எண்ணுக. இந்து சமயப் புராணங்களின்படி பிரமனின் ஒரு பகல், அதாவது ஒரு கற்பம், 432 கோடி ஆண்டுகள். இது 454 கோடிக்கு வியப்பூட்டும் அளவு அண்மையில் உள்ளது. எண்ணின் ஒப்புமையே சமயத்தின் உண்மைக்குச் சான்று என்றால், அச்சான்றை அண்டை வீட்டாரும் நீட்டுவர். அவர்கள் நீட்டினால் தற்செயல், நாம் நீட்டினால் அற்புதம் என்று உரைத்தல் நேர்மையாகாது. தமிழ் மேடைகளிலும் இப்போக்கு உண்டு. பரிபாடலின் இரண்டாம் பாடலில் கீரந்தையார் ஐம்பூதங்களின் தோற்றத்தை ஊழி ஊழியாக அடுக்கியதைப் பெருவெடிப்புக் கொள்கையாகவே காட்டி முழங்குவோரை நாம் கேட்டிருக்கிறோம். பாடலின் பெருமை அதன் கற்பனையிலும் ஓசையிலும் உள்ளது; அதற்கு ஆய்வுக்கூடத்தின் முத்திரை எதற்கு?

இவ்வகையில் கத்தோலிக்கரிடையே நடந்த ஒன்று நமக்குப் பாடமாகும். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், பேரண்டத்தின் தொடக்கம் பற்றிய புதிய அறிவியல் படைப்பிற்குச் சான்று பகர்கிறது என்னும் கருத்துப்பட உரையாற்றினார். அக்கொள்கைக்கு வித்திட்ட பெல்ஜிய நாட்டு ஜார்ஜ் லெமைத்தர் தாமே ஒரு பாதிரியார். அவர் மகிழ்ந்திருக்க வேண்டுமன்றோ? மாறாக வருந்தினார். தம் கொள்கை சமய வினாக்களுக்கு அப்பாற்பட்டது என்பது அவர் துணிபு. மறு ஆண்டு வானியலாரிடையே பேசியபோது போப் அக்கூற்றைத் தவிர்த்தார்.

நம் முன்னோரிடம் இத்தெளிவு இல்லாமலில்லை. கிரகணத்திற்குக் கணித வல்லுநர் கூறும் காரணத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்திற்கே தீங்கிழைக்கிறார் என்று இமாம் கஸ்ஸாலி (1058-1111) தத்துவவாதிகளை மறுத்தெழுதிய நூலின் முன்னுரையிலேயே கண்டித்தார். அதற்கு மறுபுறமாக, முன்னோர் பின்னோர் கலைகள் யாவற்றையும் குர்ஆனுக்குள் தேடிக் காண்போரைக் கிரனடா நகரின் இமாம் ஷாத்திபி (மறைவு 1388) கண்டித்தார். இருவரையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். இரசாயனம் பயிலும் நம் மாணவன் வெள்ளிக்கிழமை மேடையில் ஒன்றைக் கேட்டு, திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் வேறொன்றைக் கண்டு, இரண்டில் எதை விடுவது என்று தனியே தவிக்கும் நிலையை நாம்தாம் உண்டாக்குகிறோம்.

பூமியில் சுற்றித் திரிந்து படைப்பின் தொடக்கத்தை நோக்குமாறு திருமறை பணிக்கிறது. அல்பிரூனி (973-1048) அதனைச் செய்தார். மலையருகே ஆற்றில் பெருங்கற்கள், தொலைவில் சிறுகற்கள், முகத்துவாரத்தருகே மணல் எனக் கண்டு, வட இந்தியச் சமவெளி முன்பு கடலாயிருந்து ஆற்று வண்டலால் தூர்ந்தது என ஏறத்தாழ 1030இல் எழுதினார். மலைகள் நிலம் உயர்வதாலும் நீர் அரிப்பதாலும் நெடுங்காலத்தில் உருவாகின்றன என்று இப்னு சீனா விளக்கிய பகுதி இலத்தீனுக்குச் சென்றபோது, ஐரோப்பியர் அதனை அரிஸ்டாட்டிலின் எழுத்தென்றே நெடுநாள் எண்ணினர்! இருவரும் ஒரு வசனத்தைக்கூடத் திருகவில்லை. கல்லைப் பார்த்தனர். நம் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கற்களில் பதிந்திருக்கும் கடற்சிப்பிகளும் அதே வகைச் சான்றுதாம். அங்கே கடல் இருந்த காலத்தை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் சென்று கண்டிருப்பர்?

அரபுத்துறையும் தமிழ்த்துறையும் ஒரே கூரையின்கீழ் இயங்கும் கல்லூரிகள் தமிழகத்தில் உள்ளன. ஒப்புமை நூல்களை மேலும் அச்சிடும் செல்வர்கள் அப்பொருளில் ஒரு பங்கைத் தந்து, பிரூனியின் இந்திய நூலையும் இப்னு சீனாவின் மலைகள் பற்றிய பகுதியையும் அரபு மூலத்திலிருந்து நேரே தமிழில் பெயர்க்க இவ்விரு துறைகளையும் அமர்த்துவார்களாயின், உரையைத் திருத்தித் தரப் புவியியல் ஆசிரியர் ஒருவரையும் உடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.