உள்ளூர்ச் சாப்பாட்டுக்கு உயர்ந்த விலை

மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் சாப்பிட்டதாக ஒருவர் சொன்னால், திருவிதாங்கூரில் ஒரு காலத்தில் அதற்குப் பொருள் வேறு. அன்று அவர் வீட்டில் அரிசி இல்லை என்று அர்த்தம். இன்று அதே கிழங்கும் அதே மீனும் வெள்ளைத் துணி விரித்த மேஜைக்கு வந்துவிட்டன. வாழையிலைத் துண்டில் சிறிதளவு வைத்து, பக்கத்தில் ஒரு கறிவேப்பிலைக் கொத்தையும் சாய்த்து, நட்சத்திர ஓட்டல் விலை போடுகிறார்கள். சாப்பிட வருகிறவர்களும் முகம் சுளிக்காமல் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

இது திருவனந்தபுரத்தில் மட்டும் தோன்றிய மோகம் அல்ல. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் 2003-இல் 'நோமா' என்றொரு ஓட்டல் திறக்கப்பட்டது. தங்கள் பகுதியில் விளைவதையும் கடலிலும் காட்டிலும் கிடைப்பதையும் கொண்டே சமைப்பது என்பது அதன் கொள்கை. சில ஆண்டுகளில் உலகின் முதல் வரிசை ஓட்டல்களில் ஒன்றாக அது பெயர் பெற்றது. அந்தக் காற்று நம் நாட்டிலும் வீசுகிறது. இமாசலப் பிரதேசத்தில் கசௌலிக்கு அருகே 2023-இல் தொடங்கிய 'நார்', பெங்களூருக்கு வெளியே ஒரு பண்ணைக்குள் இருக்கும் 'பார்ம்லோர்' ஆகியவை இந்த ரகம். இருபது பேர் அளவுக்கே இடம். முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும். இன்னது வேண்டும் என்று கேட்க முடியாது. அன்று கிடைத்ததை வைத்து அவர்கள் சமைத்ததைச் சாப்பிட வேண்டும். பில் ஆயிரக்கணக்கில் வரும்.

திருவனந்தபுரத்தில் இதற்கு நெருங்கிய உதாரணம் மேற்குக்கோட்டைப் பக்கம் உள்ள 'வில்லா மாயா'. பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகை ஒன்றைப் புதுப்பித்து, குளமும் தோட்டமும் வைத்து நடத்தப்படுகிறது. அதைச் சின்ன ஓட்டல் என்று சொல்வதற்கில்லை. வெளிநாட்டு உணவுகளும் அங்கு உண்டு. ஆயினும் கேரளச் சமையலை உயர்ந்த விலைக்கு, அமைதியான சூழ்நிலையில் விற்கலாம் என்று காட்டிய இடங்களில் அது ஒன்று.

சந்துக்குள் இருக்கும் கடைகள்

தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய சாப்பாட்டுக் கடை என்பது இந்நகரத் தமிழர்களுக்குப் புதிய விஷயம் அல்ல. திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவான சாலைக் கம்போளத்தில் இன்றும் வழி கேட்டுக்கொண்டுதான் நல்ல கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. கிழக்கேகோட்டையிலிருந்து நடந்து வந்தால், ஒரு சந்தில் 1949 முதல் நடக்கும் ரஹ்மானியா. சின்னக் கோழிகளைப் பொரித்துக் கொடுக்கும் இந்தக் கடையை ஊரார் 'கெத்தேல்' என்றே அறிவார்கள். இன்னொரு குறுகிய சந்தில் முபாரக். மீனும் கணவாயும் தேடி வருகிறவர்களுக்கு உரிய இடம். மூட்டை தூக்குபவர், கடைக் கணக்கர், வண்டி ஓட்டுபவர், அலுவலகக் குமாஸ்தா எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்ட கடைத்தெரு இது. காலையில் கரைக்கு வந்த மீன் மதியம் குழம்பாகிவிடும். மீன் வராத நாளில் மீன் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். கோபன்ஹேகனில் கொள்கை என்று எழுதி வைத்ததை இங்கே யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இவற்றின் விலையும் ஏறாமல் இல்லை. எனினும் பசித்தவனுக்காகத் திறந்த கடைக்கும், பசி இல்லாதவனுக்கு ருசி காட்டத் திறந்த கடைக்கும் உள்ள வித்தியாசம் உள்ளே நுழைந்ததும் தெரிந்துவிடும்.

பஞ்சம் தந்த கிழங்கு

மரச்சீனி இந்த மண்ணில் பிறந்ததே அல்ல. தென் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதன் சாகுபடியை ஊக்குவித்தார். கிழங்கில் விஷம் என்று மக்கள் பயந்ததால் அரண்மனையிலேயே சமைக்கச் சொல்லிச் சாப்பிட்டுக் காட்டினார் என்று ஒரு கதை உண்டு. பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சில ரகங்களில் நச்சுத்தன்மை கூடுதல். வேகவைத்து நீரை வடித்து ஊற்றும் வழக்கம் அதனால்தான் வந்தது.

கிழங்கின் அருமை யுத்த காலத்தில் தெரிந்தது. திருவிதாங்கூர் அன்று தனக்கு வேண்டிய அரிசியில் பெரும் பகுதிக்கு வெளியூரை, முக்கியமாகப் பர்மாவை, நம்பியிருந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் கப்பல் நின்றது. ரேஷன் அரிசி போதாத வீடுகளில் அடுப்பில் ஏறியது மரச்சீனிதான். பின்னாளில், 1963-இல், மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இந்த நகரை ஒட்டிய ஸ்ரீகார்யத்தில் அமைந்தது. அங்கு உருவான ரகம் ஒன்றுக்கு அந்த மகாராஜாவின் நினைவாக 'ஸ்ரீ விசாகம்' என்று பெயர்.

பலாப்பழத்தின் கதையும் இதேதான். முற்றத்தில் விழுந்து அழுகிக் கிடந்ததை 2018 மார்ச் 21-இல் மாநிலப் பழம் என்று அறிவித்தார்கள். கரிமீன் அதற்கு முன்பே, 2010-இல், மாநில மீன் ஆகிவிட்டது. பட்டம் சூட்டிய பிறகு விலை இறங்கியதாக எந்தப் பண்டத்துக்கும் சரித்திரம் இல்லை.

எது உள்ளூர்?

உள்ளூர்ப் பொருள் என்று சொல்கிறார்களே, அந்த ஊரின் எல்லை எதுவரை? இந்தக் கேள்விதான் இங்குள்ள தமிழர்களுக்கு முக்கியம்.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் சுமார் எழுபது கிலோமீட்டர். கொச்சியோ இருநூறு கிலோமீட்டரைத் தொடுகிறது; பாலக்காடும் வயநாடும் அதற்கும் அப்பால். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக இருந்த இடம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுக்காக்கள் 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. செங்கோட்டைப் பகுதியும் அப்படியே பிரிந்தது. அரசாங்கக் கோடு மாறியது. வயலும் தோப்பும் இடம் பெயரவில்லை. மட்டி வாழைப்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் 'கன்னியாகுமரி மட்டி' என்று அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விளவங்கோட்டில் காய்த்த மட்டித்தார் இரண்டு மணி நேரத்தில் சாலைக்கு வந்து சேரும். திருச்சூர்ப் பக்கத்து நேந்திரனை 'நமது மண்ணின் பழம்' என்று பரிமாறுகிறவர் மட்டியை வெளிமாநிலச் சரக்கு என்பாரானால், அது பூகோளம் அல்ல.

காய்கறியில் இது இன்னும் வெளிப்படை. பாவூர்ச்சத்திரம், தென்காசி, திருநெல்வேலி லாரிகள் ஒரு நாள் வராவிட்டால் சாலையில் விலை என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். 2021 டிசம்பரில் தக்காளி விலை தாறுமாறாக ஏறியபோது, கேரள அரசின் ஹார்ட்டிகார்ப் நிறுவனம் தென்காசி மாவட்ட விவசாயிகளின் அமைப்புகளோடு நேரடிக் கொள்முதலுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. தேங்காயெண்ணெய்க்கோ கேரளம் தாயகம் என்பார்கள். அதன் விலையை நிர்ணயிப்பதில் திருப்பூர் மாவட்டத்துக் காங்கேயம் சந்தைக்குப் பெரும் பங்கு இருக்கிறது. கொச்சியில் கரையிறங்கும் ஆழ்கடல் மீனில் கணிசமான பகுதியைப் பிடித்து வருகிறவர்கள் குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள்.

இந்த விவகாரத்தில் கசப்பும் கலந்தது உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் அளவுக்கு மீறி இருக்கிறது என்று 2015-இல் கேரளத் தரப்பு புகார் கூறியது, தமிழ்நாடு மறுத்தது. சோதித்துப் பார்ப்பது அவசியமே. அந்தக் காய்கறியை நித்தம் தின்பவர்களில் இங்குள்ள தமிழ்த் தொழிலாளியும் ஒருவர். ஆனால் மருந்து தெளிப்பவனுக்கு மாநிலம் கிடையாது. அளவு மீறியிருந்தால் நெய்யாற்றின்கரைக் காயும் குற்றம், நெல்லைக் காயும் குற்றம்.

சாதாரணத் தட்டில் என்ன குறைகிறது

பணக்கார மேஜையில் கிழங்கு ஏறியதால் மட்டும் ஏழையின் தட்டு காலியாகிவிடவில்லை. காரணங்கள் வேறு, பெரியவை. கேரளக் கடற்கரையில் 2012-இல் ஏறத்தாழ நான்கு லட்சம் டன் சாளை கிடைத்தது. 2021-இல் கிடைத்தது 3,297 டன் மட்டுமே என்று மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கணக்குச் சொன்னது. பிறகு நிலைமை ஓரளவு தேறியது. ஆனால் 2024 ஜூனில், இழுவைப் படகுகளுக்குத் தடையுள்ள காலத்தில், சாளை கிலோ 300 ரூபாயைத் தாண்டியது. ஏழைகளின் மீன் என்று பெயர் வாங்கியதற்கு இந்த விலை! 2025-இல் தேங்காயெண்ணெய் லிட்டர் 400 ரூபாய்க்கு மேல் போனது. மீனும் எண்ணெயும் சேர்ந்து ஏறினால், பெரிய ஓட்டல்காரர் மெனு அட்டையை மாற்றி அச்சிடுவார். சந்துக்கடைக்காரர் என்ன செய்வார்? மீன் துண்டைச் சிறிதாக்குவார். அல்லது வேறு எண்ணெய்க்கு மாறுவார்.

குடும்பஸ்ரீப் பெண்கள் நடத்திய ஜனகீய ஓட்டல்கள் இந்த இடத்தில் ஞாபகத்துக்கு வர வேண்டியவை. 2020-இல் தொடங்கி, மாநிலம் முழுவதும் ஆயிரத்துக்கு மேல் பெருகின. இருபது ரூபாய்க்குச் சாப்பாடு. ஒரு சாப்பாட்டுக்குப் பத்து ரூபாய் அரசு மானியம். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே தனியாக அறையெடுத்துத் தங்கியிருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை விளக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் மானியம் நிறுத்தப்பட்டது. சாப்பாடு முப்பது ரூபாய் ஆயிற்று. பல இடங்களில் நடத்த முடியாமல் திணறினார்கள். உள்ளூர்ப் பொருளை உள்ளூர்ப் பெண்கள் சமைத்து உள்ளூர் உழைப்பாளிக்குப் பரிமாறிய திட்டம் அது. சுற்றுலா விளம்பரத்தில் அதன் படம் வருவதில்லை.

பரிமாறுகிறவருக்கு என்ன?

உயர்தர ஓட்டல் பெருகினால் வேலை பெருகும் என்பது உண்மை. சமையற்கட்டிலும் பரோட்டாக் கல்லருகிலும் தமிழ்ப் பேச்சு கேட்காத ஓட்டல் இந்நகரில் குறைவு. சம்பளம் எப்படி என்பதே கேள்வி. நோமாவின் புகழுக்குப் பின்னால் சம்பளமில்லாப் பயிற்சியாளர்கள் உழைத்தார்கள். 2022 அக்டோபரில்தான் அவர்களுக்கு ஊதியம் கொடுக்கத் தொடங்கினார்கள். அடுத்த ஜனவரியிலேயே, இந்த வகை ஓட்டலை இப்படியே நடத்திக் கட்டுப்படியாகாது என்று அதன் தலைமைச் சமையற்காரர் அறிவித்தார். உலகப் புகழ் பெற்ற ஓட்டலின் கணக்கே அப்படி என்றால், அதைப் பார்த்து நடை பழகுகிறவர்களின் கணக்கையும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்பது தப்பில்லை.

மாறாக ஒரு முன்மாதிரி தம்பானூர் பஸ் நிலையத்தின் அருகிலேயே வட்டமாக, செங்கல் நிறத்தில் நிற்கிறது. லாரி பேக்கர் வடிவமைத்த அந்த இந்தியன் காபி ஹவுஸை நடத்துவது தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். காபி போர்டு தன் கடைகளை மூடியபோது வேலையிழந்தவர்களை ஏ.கே. கோபாலன் ஒன்று திரட்டியதன் விளைவாக, கேரளத்தில் முதல் கடை 1958-இல் திருச்சூரில் திறந்தது. தலைப்பாகை கட்டிப் பரிமாறுகிறவர்களே அங்கு சங்கத்தின் உறுப்பினர்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது நடக்கிறது. மசால் தோசையில் பீட்ரூட் போடுவதைப் பற்றி மட்டும் தமிழர்களுக்குக் குறை உண்டு.

சட்டம் தொழிலாளிக்கு ஒன்றும் தரவில்லை என்றும் சொல்ல முடியாது. கடைகள் மற்றும் வர்த்தக நிறுவனங்கள் சட்டத்தைக் கேரளம் 2018-இல் திருத்தி, வேலை நேரத்தில் உட்காரும் உரிமையைத் தந்தது. தமிழ்நாடு 2021-இல் அதைப் பின்பற்றியது. சேவைக் கட்டணம் என்ற பெயரில் பில்லில் தானாகவே ஒரு தொகை சேர்ப்பது கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதி செய்தது. டில்லி ஐகோர்ட் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. ஆகவே அப்படி ஒரு வரி பில்லில் கண்டால் நீக்கச் சொல்லலாம். பரிமாறியவருக்குக் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுத்துவிடலாம்.