ராத்திரி ஒன்றரை மணி

பள்ளிக்கூடத்து மணிக்குக் கட்டுப்பட்டே காலத்தைக் கழித்துவரும் நமக்கு, வேதனையும் மணி பார்த்து வரும் என்பது வெகு நாள் வரையில் தெரியாது. அதைத் தெரிவித்தது நமது சகதர்மிணியின் தலைவலி.

ஒரு மார்கழி மாதத்து இரவு. ஒன்றரை மணிக்கு விழித்துப் பார்த்தபோது பக்கத்துப் படுக்கை காலியாக இருந்தது. கூடத்தில் அவள் வலது கண்ணைக் கையால் அழுத்திக்கொண்டு, சுவருக்குச் சுவர் நடந்துகொண்டிருந்தாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. அதுவும் வலது பக்கத்தில் மாத்திரம். "தலைவலிதானே? விளக்கை அணைத்துவிட்டுச் சற்றுப் படுத்துக்கொள்" என்றோம். "படுக்க முடிந்தால் படுக்க மாட்டேனா? தயவு செய்து பேசாமல் இருங்கள்" என்றாள். ஒரு மணி நேரத்தில் வலி, வந்தது போலவே, சட்டென்று போய்விட்டது. மறுநாள் இரவு அதே வேளைக்கு மறுபடியும் வந்தது.

பிறகு ஆரம்பமாயிற்று வைத்திய யாத்திரை. சுக்குப் பற்று, நொச்சி இலை ஆவி, கடையில் உள்ள தைலங்கள் எல்லாம் ஆயின. மூக்குக் கண்ணாடி மாறிற்று. கடைவாய்ப் பல் ஒன்று போயிற்று. பீனிசம் என்றார் ஒருவர். ஒற்றைத் தலைவலி, ஸ்திரீகளுக்குச் சகஜம் என்றார் இன்னொருவர். திருஷ்டி கழித்த அத்தையை நாம் குறை கூறமாட்டோம். பல்லைப் பிடுங்கியவரைவிட அத்தையால் நஷ்டம் குறைவு. ஆறு வாரத்தில் வலி தானே நின்றது. அச்சமயம் எந்த மருந்து நடந்துகொண்டிருந்ததோ அதற்குப் பெருமை கிடைத்தது. அந்தப் பெருமை அடுத்த மார்கழி வரையில்தான் நிலைத்தது.

இரண்டாம் முறை வந்தபோது, நமக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கையாண்டோம். ஆஜர்ப் பட்டியல் எழுதுவது போல ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். வலி தொடங்கிய மணி, நின்ற மணி, எந்தப் பக்கம், கண்ணில் நீர் உண்டா, படுத்திருந்தாளா, நடந்தாளா என்று இரவுதோறும் குறித்தோம். ஒரு நாள் அவள், "இப்படி இருப்பதைவிட இல்லாமற் போவதே மேல்" என்றாள். அதை எழுதுவதா, வேண்டாமா என்று வெகு நேரம் யோசித்தோம், எழுதிவிட்டோம்.

நோட்டைப் படித்த நரம்பு வைத்திய நிபுணர் அந்த வரியில்தான் அதிக நேரம் நின்றார். அவளோடு தனியே பேசினார். பிறகு, "இது கொத்துத் தலைவலி. இதற்கு வைத்தியம் இருக்கிறது" என்றார். மூளையைப் படம் பிடித்து, வேறு கோளாறு இல்லையென்றும் நிச்சயம் செய்துகொண்டார்.

ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வரும் வியாதி இது. ஆண்களுக்கே அதிகம், ஆகவே பெண்களுக்கு வரும்போது எளிதில் அடையாளம் தெரிவதில்லை. ஒவ்வொரு தாக்குதலும் 15 நிமிஷம் முதல் 3 மணி வரை நீடிக்கும். ஒரே நாளில் எட்டு முறைகூட வரலாம். ஒற்றைத் தலைவலிக்காரர் இருட்டறையில் அசையாமல் கிடப்பார். இவர்களால் ஓரிடத்தில் இருக்க முடியாது. உடலின் கடிகாரமாக விளங்கும் ஹைப்போதாலமஸ் என்ற மூளைப் பகுதி தாக்குதலின்போது விழித்துக்கொள்கிறது என்பதை 1998-ல் படமெடுத்துக் கண்டார்கள். ஒன்றரை மணியின் மர்மம் அங்கேதான் இருக்கிறது.

சாதாரண வலி மாத்திரை வேலை செய்யத் தொடங்குமுன் தாக்குதலே முடிந்துவிடும். கை கொடுப்பது பிராணவாயு. கலப்பில்லாத ஆக்ஸிஜனை, பை இணைத்த முகமூடி வழியாக, நிமிஷத்துக்கு 12 முதல் 15 லிட்டர் வீதம் கால் மணி நேரம் சுவாசிக்க வேண்டும். 2009-ல் வெளியான ஒரு பரிசோதனையில், நூற்றுக்கு 78 தாக்குதல்கள் இவ்விதம் கால் மணியில் அடங்கின. வெறுங் காற்றுக்கு அடங்கியவை 20. தோலுக்கடியில் போடும் சுமட்ரிப்டான் ஊசியும் உண்டு; இருதய நோயாளிகளுக்கு அது ஆகாது. வராமல் தடுக்க வெரபாமில் என்னும் மருந்து. அதற்கு அடிக்கடி இ.ஸி.ஜி. எடுத்து இருதயத்தைச் சோதிக்க வேண்டும். எல்லாம் டாக்டரின் மேற்பார்வையில்தான்.

இத்தனைக்கும் நடுவே கணவனுக்கு என்ன உத்தியோகம் என்று கேட்பீர்கள். உருளையில் வாயு இருக்கிறதா என்று மாலையிலேயே பார்ப்பது, அந்த அறையில் குத்துவிளக்கு, ஊதுவத்தி, சிகரெட்டு எதுவும் எரியாமல் காப்பது, முகமூடியை எடுத்துக் கொடுப்பது, மணியைக் குறிப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாயை மூடிக்கொண்டிருப்பது. நாற்பது பிள்ளைகளுக்கு நாள் முழுதும் உபதேசம் செய்கிற நமக்கு இந்தக் கடைசிப் பாடம்தான் சிரமமாக இருந்தது. "எனக்கும் இப்படித்தான் தலை வலிக்கும்" என்று ஆரம்பிக்கும் பந்துக்களை வாசலிலேயே வழியனுப்புவதும் நமது இலாகாவைச் சேர்ந்ததுதான்.

வியாதி அடியோடு தீரவில்லை. இந்த மார்கழியிலும் வந்தது. ஆனால் ஒரு மணி நேர வேதனை பெரும்பாலும் கால் மணியில் முடிந்தது. நோட்டில் அந்தப் பழைய வரியைப் போல் இன்னொன்று எழுத நேரவில்லை. உருளை இப்போது பீரோவுக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டு நிற்கிறது. "இந்த வீட்டுக்கு வந்தவர்களில் யோசனை சொல்லாமல் உதவி செய்தது இது ஒன்றுதான்" என்கிறாள் நமது சகதர்மிணி. நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறாள் என்று தெரிகிறது, ஆட்சேபிக்கவில்லை.