இடைநிலைப்பள்ளிக்கும் கைகொடுக்க ஆள் தேடுவோம்!



தமிழ்ப்பள்ளிக் கூரை ஒழுகினால் நாம் கொதித்து எழுகிறோம். மண்டபம் கட்ட விருந்து வைக்கிறோம், கணினி வாங்க நிதி திரட்டுகிறோம். நல்லதுதான். ஆனால் ஆறாம் ஆண்டு முடிந்து அதே பிள்ளை எங்கே போகிறது? இந்த நாட்டில் தமிழ் இடைநிலைப்பள்ளி ஒன்றுகூட இல்லை. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் தேசிய இடைநிலைப்பள்ளிக்குத்தான் போகிறார்கள். அந்தப் பள்ளியின் வாசலோடு நம் சமுதாயத்தின் அக்கறையும் நின்றுவிடுகிறது.

விழும் இடமே அதுதான். மலாய்மொழியில் பின்தங்கிய பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டுத்தான் படிவம் 1-க்கு வருகிறது. எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய்மொழியில் தேர்ச்சி வேண்டும். 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி வேண்டும். இரண்டில் ஒன்று போனாலும் மற்ற பாடங்களில் எத்தனை ‘ஏ’ எடுத்தும் சான்றிதழ் கிடையாது. யு.பி.எஸ்.ஆர். 2021-இலும் பி.டி.3 2022-இலும் ரத்து செய்யப்பட்டன. அதன் பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு எஸ்.பி.எம்.தான் முதல் பொதுத்தேர்வாக அமைந்தது. பிள்ளை பின்தங்கியது 17 வயதில்தான் வீட்டுக்குத் தெரிகிறது என்றால், அதன்பின் என்ன செய்ய முடியும்?

இடைநிலைக் கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டத்திருத்தத்தை 2025-இல் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. வரவேற்போம். ஆனால் பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருப்பது வேறு, படிப்பது வேறு.

“இதெல்லாம் அரசாங்கத்தின் கடமை, நாம் ஏன் வெளியாரிடம் போக வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கடமை அரசாங்கத்தினுடையதே, அதை ஒருநாளும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் நம் போராட்டம் முடியும் வரை படிவம் 1 காத்திருக்காது. அதோடு, வெளி அமைப்பு ஒன்று பள்ளிக்குள் வந்தால் அங்கே நடப்பதைப் பார்க்க இன்னொரு கண்ணும் கிடைக்கிறது.

ஜொகூருக்கு இது புதிதல்ல. கஜானா நேஷனல் தொடங்கிய அமீர் அறவாரியம், கல்வி அமைச்சோடு சேர்ந்து அறக்கட்டளைப் பள்ளித் திட்டத்தை 2011-இல் 10 பள்ளிகளில் ஆரம்பித்தது. அவை ஜொகூரிலும் சரவாக்கிலும் இருந்தவை. கட்டடம் கட்டுவது அதன் நோக்கமல்ல. தலைமையாசிரியரையும் ஆசிரியரையும் பல ஆண்டுகள் பயிற்றுவித்து, கற்பிக்கும் முறையை மாற்றுவதே நோக்கம். 2013-இல் வெளியான தேசியக் கல்விப் பெருந்திட்டம், 2025-க்குள் இப்படி 500 பள்ளிகள் என்று இலக்கு வைத்தது. முன்னாள் மாணவர் சங்கங்களும் அரசு சாரா அமைப்புகளும்கூடப் பள்ளிகளுக்குப் பொறுப்பேற்கலாம் என்றது. அந்த 500 எங்கே? நெருங்கக்கூட இல்லை. காசு கொடுப்பவர் குறைந்தால் திட்டமும் சுருங்கிவிடும் என்பது இதில் நாம் கற்க வேண்டிய பாடம்.

ஜொகூர் பாருவில் பூன் இயூ பள்ளியைப் பாருங்கள். 1913-இல் தொடங்கியது. 1961 கல்விச் சட்டத்திற்குப் பின் அரசாங்க மானியம் வேண்டாமென்று சுயேச்சைப் பள்ளியாகவே நின்றது. கூலாயிலும் கிளை உண்டு. சீனச் சங்கங்களும் வணிகர்களும் பெற்றோர்களும் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்ததில் வளர்ந்த பள்ளி அது. அவர்களுக்கு இருக்கும் கடைகளும் தொழில்களும் நமக்கு இல்லை. ஆனால் விடாமல் கேட்கும் பழக்கத்தை நாமும் கற்றுக்கொள்ளலாம் அல்லவா?

யாரிடம் கேட்பது? 1979 முதல் இயங்கும் கல்வி, சமூகநல ஆய்வு அறவாரியம் இருக்கிறது. 1982-இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் இருக்கிறது. 2012 முதல் பின்தங்கிய பள்ளிகளுக்கு ஈராண்டு ஆசிரியர்களை அனுப்பத் தொடங்கிய டீச் ஃபோர் மலேசியா இருக்கிறது. பாசிர் கூடாங்கிலும் செனாயிலும் நாம் இரவு வேலை பார்க்கும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. சமூகப் பொறுப்பு என்று படம் பிடித்துப் போடும் கம்பெனிகளிடம் நம் பிள்ளை படிக்கும் பள்ளியின் பெயரைச் சொல்லுங்கள்!

கேட்கும்போது தெளிவாகக் கேட்போம். பரிசுக்கூடை வேண்டாம், ஒருநாள் தன்முனைப்பு முகாமும் வேண்டாம். புகுமுக வகுப்புக்கும் படிவம் 1, 2-க்கும் மலாய்மொழி, கணிதம். வாரம் இருமுறை. குறைந்தது மூன்று ஆண்டுகள். ஆண்டு முடிவில் எத்தனை பிள்ளைகள் தேறினார்கள் என்ற கணக்கு பெற்றோர் கைக்கு வர வேண்டும். நிதி எங்கே போனது என்ற கணக்கும்தான்.

வெளி அமைப்பு பள்ளிக்குள் வர முதல்வரின் இணக்கமும் கல்வி இலாகாவின் அனுமதியும் தேவை. அதற்கான வழி பெற்றோர் ஆசிரியர் சங்கம். தமிழ்ப்பள்ளியில் நாம் நிறைந்திருக்கும் அந்தக் கூட்டத்தில், இடைநிலைப்பள்ளியில் நம் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. சிங்கப்பூர் ஷிப்ட், ஓவர்டைம் என்ற கஷ்டம் உண்மைதான். அப்பாவால் முடியாவிட்டால் அம்மா போகட்டும். அவராலும் முடியாவிட்டால் நாலு குடும்பம் சேர்ந்து எழுதிக் கொடுக்கட்டும்.

முதல் வேலையாக ஒன்று செய்யலாம். 1996 கல்விச் சட்டப்படி, 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க வசதி செய்து தர வேண்டும். அந்த 15 கையெழுத்தைத் திரட்டுங்கள். தமிழ் வகுப்புக்காகச் சேர்ந்த அந்த 15 குடும்பங்களே, நாளை ஓர் அறவாரியத்தின் கதவைத் தட்டும் குழுவாக மாறலாம். தனி ஆளாகப் போனால் “பார்க்கலாம்” என்பார்கள். பதினைந்து பேராகப் போனால் தேதி கேட்டு வாங்கலாம்.

இந்தத் தவணை முடிவதற்குள் உங்கள் தாமானில் அந்தப் பட்டியலைத் தொடங்குங்கள்.